எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

எலித் தொல்லை பொறுக்காமல் வீட்டையே கொளுத்தியவனின் கதையை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்தும் இருக்கிறோம். சென்ற ஆடி மாதத்தில் அதே காரியத்தை எங்கள் வீட்டில் நாங்களே செய்தோம். எலி என்பது எங்கள் கணிப்பொறியின் மந்தம். கொளுத்தப்பட்டது அம்மாவின் இரண்டு வருடக் கணக்கு. பிறருக்கு இது நேரக்கூடாது என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

கணிப்பொறி வந்த கதை

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நமது திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த எத்தனையோ பெண்களின் வீட்டு வாசலைக் கணிப்பொறி முதன்முதலாக மிதித்தது அதனால்தான். எங்கள் அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அக்கா இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போகிறாள். கணிப்பொறி எங்கள் இருவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாயிற்று. அம்மா தையல் வேலை செய்பவர். தெருவிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கையும் எழுதுபவர்.

ஆடிக் கிருத்திகை நெருங்க நெருங்க மலையடிவாரமெங்கும் காவடிகளும் கூட்டமும் பெருகின. அம்மாவுக்குத் தையலும் குவிந்தது. அந்த நேரம் பார்த்துக் கணிப்பொறி முரண்டு பிடித்தது. திறந்தால் பத்து நிமிடம் விழித்துக்கொண்டே நிற்கும். தட்டிய எழுத்து திரையில் வரத் தாமதமாகும். சில வேளைகளில் தானே அணைந்துவிடும்.

நாங்கள் செய்த தவறு

ஒருநாள் திரையின் மூலையில் ஒரு விளம்பரம் குதித்தது. “உங்கள் கணிப்பொறியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் உள்ளன, உடனே சுத்தம் செய்க” என்றது. பயந்துபோய் அந்தத் துப்புரவு மென்பொருளை இறக்கினோம். சிவப்பு எழுத்தில் நீண்ட பட்டியல் ஓடியது. “யாவற்றையும் சுத்தம் செய்” என்ற பொத்தானை, பட்டியலைப் படிக்காமலே அழுத்தினோம். அதில் “பதிவிறக்கங்கள்” என்னும் அறையும் குறிக்கப்பட்டிருந்தது. குழுவின் கணக்கு அந்த அறையில்தான் இருந்தது. கைப்பேசியிலிருந்து வந்த கோப்பை அங்கேயே திறந்து, அங்கேயே எழுதி, அங்கேயே சேமித்து வந்தார் அம்மா. குப்பைத் தொட்டியையும் அந்த மென்பொருளே காலி செய்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் மந்தம் நீங்கவில்லை. “மீதிப் பிழைகளைத் திருத்தப் பணம் கட்டுக” என்ற அறிவிப்புதான் வந்தது.

உலகம் கண்ட உண்மைகள்

எங்களைப் போல ஏமாந்தவர் பலர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்னும் பெரிய கடைத்தொடர், கணிப்பொறியை இலவசமாகச் சோதிப்பதாகக் கூறி ஒரு மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. தொடக்கத்தில் நான்கு கேள்விகள் கேட்பார்கள். “மந்தமாக இருக்கிறதா?” என்பது போன்ற ஒரு கேள்விக்கு ஆம் என்று குறியிட்டாலே போதும், சோதனை என்ன கண்டாலும் தீங்கு நிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும் என்று அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2019 மார்ச்சில் அக்கடையும் மென்பொருளை அளித்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. 2024 மார்ச்சில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்னும் நிறுவனங்களும் இத்தகைய குற்றச்சாட்டின் பேரில் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

நல்ல பெயர் பெற்ற மென்பொருளுக்கும் ஆபத்து வருவதுண்டு. 2017-இல் சிகிளீனர் என்னும் புகழ்பெற்ற துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பில் கயவர்கள் கள்ளத்தனமாகத் தீங்கு நிரலைப் புகுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 22 லட்சம் கணிப்பொறிகளில் அப்பதிப்பு இருந்தது. தயாரித்தவர்களே அறியாமல் இது நடந்தது. வீடு கூட்ட வந்தவளின் கூடையில் பாம்பு இருந்தது போலாயிற்று!

பதிவேட்டைத் துடைக்கலாமா?

இம்மென்பொருள்கள் “ரெஜிஸ்ட்ரி பிழை” என்று சொல்லியே பெரும்பாலும் பயமுறுத்தும். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு. அதில் லட்சக்கணக்கான குறிப்புகள் இருக்கும். நம் பள்ளி அலுவலகத்துப் பெரிய பேரேட்டில், படித்து முடித்துப் போன மாணவியரின் பெயர்கள் சில நூறு இருப்பதால் இன்றைய வருகைப்பதிவு தாமதமாகுமா? ஆகாது. அவ்வாறே, பழைய குறிப்புகள் சில நூற்றை நீக்குவதால் வேகம் கூடுவதில்லை. ஆனால் தேவையான ஒரு வரியை அடித்துவிட்டாலோ ஏதேனும் ஒரு வேலை நின்றுவிடும். சில வேளைகளில் கணிப்பொறி திறக்கவே திறக்காது. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாப்டே இத்தகைய பதிவேட்டுத் துப்புரவை ஆதரிப்பதில்லை.

உண்மைக் காரணம்

கண்ணீரோடு பள்ளிக்கு வந்து எங்கள் கணிப்பொறி வகுப்பு சிஸ்டரிடம் சொன்னோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. “மருந்து தேடுவதற்கு முன் நோயைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள். அக்கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

சிஸ்டர் சொன்னபடி அரக்கோணத்தில் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அடிப்பக்கத்தைத் திறந்தார். உள்ளே காற்றாடியைச் சுற்றிப் பஞ்சும் நூலிழையும் அடை அடையாக அப்பியிருந்தன! அம்மா தைக்கும் மேசையிலேயே கணிப்பொறியும் இருந்தது. அதுவும் துணிக்குவியலின் மேல். காற்றுப் போக வழியில்லாமல் சூடு ஏறியது. சூடு மிகுந்தால் கணிப்பொறியின் மூளை தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால் அணைந்துவிடும். ஒரு தூரிகையால் தீர்ந்திருக்க வேண்டிய நோய் அது.

அழிந்த கணக்கை மீட்க முடியுமா என்று கேட்டோம். அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும்வரை மீட்க வாய்ப்புண்டு. நாங்களோ பதற்றத்தில் மேலும் இரண்டு மென்பொருள்களை அதே கணிப்பொறியில் இறக்கிப் பார்த்திருந்தோம். “அன்றே அணைத்து வைத்திருந்தால் முயன்றிருக்கலாம்” என்றார் அவர்.

இனிச் செய்ய வேண்டியவை

1. முதலில் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் புதிதாக என்ன சேர்த்தோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

2. எதையும் தொடுமுன் முக்கியமான கோப்புகளை வெளியே வேறொரு நினைவகத்தில் படியெடுக்க வேண்டும். வட்டிலிருந்து டிக் டிக் என்று ஓசை வந்தால் இதுவே தலையாய வேலை.

3. “மறுதொடக்கம்” கொடுத்துப் பார்க்க வேண்டும். பிந்திய விண்டோஸ்களில் அணைத்துத் திறப்பதைவிட மறுதொடக்கமே முழுமையானது.

4. கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். மெத்தை, துணி இவற்றின் மேல் வைக்காமல் கடினமான பலகை மேல் வைக்க வேண்டும்.

5. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த நிரல் மூளையையும் நினைவகத்தையும் வட்டையும் விழுங்குகிறது என்பதை அது காட்டும். திறக்கும்போதே தாமே ஓடத் தொடங்கும் நிரல்களில் தேவையற்றதை அங்கேயே நிறுத்தலாம்.

6. வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் வேண்டுமானால் விண்டோஸிலேயே உள்ள வசதி போதும். அங்கும் ஒவ்வொரு வரியையும் படித்த பின்பே குறியிட வேண்டும். 2018-இல் வந்த ஒரு விண்டோஸ் பதிப்பில், பதிவிறக்க அறையும் துப்புரவுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

7. தீங்கு நிரல் பற்றிய ஐயம் எழுந்தால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரைக் கொண்டு சோதிக்கலாம். நாமாகத் தேடாமல் தானே வந்து கூவும் விளம்பரத்தை நம்பவே கூடாது.

8. இயங்குதளத்தின் வயதையும் அறிய வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. பழைய கணிப்பொறிக்கு லினக்ஸ் நல்ல துணை. அரசு தந்த மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

முடிவுரை

அம்மா எங்களைத் திட்டவில்லை. குழுவின் பாஸ் புத்தகங்களையும் பழைய நோட்டுகளையும் பரப்பிக்கொண்டு, தையல் முடிந்த பின் இரவு இரவாக உட்கார்ந்து மறுபடி எழுதினார். நாங்கள் இருவரும் எண்களைப் படித்துச் சொன்னோம். பதினொன்றாம் இரவில் கணக்கு நேரானது. பதினேழு ரூபாய் மட்டும் உதைத்தது. அதைத் தன் கையிலிருந்து போட்டுவிட்டார்.

ஆனால் அதே அறையில் பாட்டியின் குரலும் இருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து அவர் சொன்ன கதையைக் கைப்பேசியில் பதிந்து அக்கா அனுப்பியிருந்தாள். தை மாதத்தில் பாட்டி காலமானார். அக்காவின் பழைய கைப்பேசியும் இன்று இல்லை. பாஸ் புத்தகத்தைப் பார்த்து எழுத, குரலுக்குப் பாஸ் புத்தகம் கிடையாதே!

ஆகவே தோழியரே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் நீங்கள் இழக்க விரும்பாத ஒன்றுக்கு ஒரு படி எடுத்து வையுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம். எலி இருந்தால் பொறி வைப்போம், வீட்டைக் காப்போம்.