வெந்நீரின் பதம் மாறுவதேன்?

தண்மையுடைய நீர் தண்ணீர். வெம்மையுடைய நீர் வெந்நீர். இவ்விரண்டையும் அளவறிந்து கலந்து மேனி தாங்கும் பதத்திற்குக் கொணர்வதை ‘விளாவுதல்’ என்பர். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயத்துப் பின்கட்டில் ரப்பர்க் கட்டை எரிய, இரும்புப் பீப்பாயில் நீர் கொதித்த காலம் ஒன்றுண்டு. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல் கண்டு எழுந்தவருக்கும் வெந்நீர் விளாவி வார்ப்பது வீட்டுப் பெரியவளின் பொறுப்பாயிருந்தது. வாளிக்குள் கைவிட்டுப் பதம் பார்த்த பின்னரே முதற் குவளை நீர் மேனியில் விழும். வாளி முழுவதும் ஒரே சூடாதலின், முதற் குவளைக்கும் கடைசிக் குவளைக்கும் பெரிய வேறுபாடு இராது.

பீப்பாயின் இடத்தை இன்று பல வீடுகளில் சுவரில் மாட்டிய மின் கருவி பெற்றுவிட்டது. ‘ஹீட்டர்’ என்று வழங்கும் இக்கருவியின் விசையைத் தட்டியதும் ஷவரில் வெந்நீர் வருகிறது. ஆயின், நடுக் குளியலில் நீர் திடீரெனச் சுடுவதும், மறுகணமே சில்லிட்டுப் போவதும் பல இல்லங்களில் காணும் தொல்லை. கருவி பழுதென்று எண்ணிப் புதியது வாங்குவோர் உளர். புதியதும் அவ்வாறே நடந்துகொள்வதைக் கண்டு வியப்போரும் உளர். குற்றம் பெரும்பாலும் கருவியிலன்று; அதனுள் வரும் நீரின் ஓட்டத்திலேயே உள்ளது.

ஒரு வகுத்தற் கணக்கு

இக்கருவி நீரைச் சேமித்து வைப்பதில்லை. ஓடும் நீருக்கு ஓடும்போதே சூடேற்றுகிறது. இதன் ஆற்றல் 3.6 கிலோவாட் என்று கொள்வோம். அதாவது, நிமிடத்திற்கு ஏறத்தாழ 52 கிலோகலோரி வெப்பம். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஒரு கிலோகலோரி வேண்டும். எனவே, 52-ஐ நிமிடத்திற்கு ஓடும் லிட்டர் அளவால் வகுத்தால், நீர் எத்தனை பாகை சூடேறும் என்பது கிடைத்துவிடும்.

தொட்டி நீர் 27 பாகை எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 4 லிட்டர் ஓடினால் 13 பாகை ஏறி, 40 பாகையில் இதமான வெந்நீர் வரும். ஓட்டம் 2 லிட்டராகச் சுருங்கினால் 26 பாகை ஏறி 53 பாகையாகும். இது மேனியைச் சுடும். ஓட்டம் இன்னும் குறையுமாயின், கருவியிலுள்ள காப்பு விசை மின்சாரத்தைத் துண்டித்துவிடும், நீர் சில்லிடும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதன் மறை இதுவே.

எளிய வகைக் கருவிகளின் திருகு வெப்பநிலையை நிலைநிறுத்துவதன்று. வெப்பத்தின் அளவையே கூட்டிக் குறைக்கிறது. ஓட்டம் மாறினால் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவு அதற்கில்லை. ரெம்பாவ் வட்டாரத்துப் பெடாஸில் உள்ள வெந்நீர் ஊற்றை இதனோடு ஒப்பிடலாம். அங்கு நிலத்தடியின் வெப்பமும் ஊறிவரும் நீரின் அளவும் கணத்துக்குக் கணம் மாறுவதில்லை. ஆதலின் ஊற்றின் சூடும் நொடிக்கு நொடி தாவுவதில்லை.

ஓட்டம் குறைவதேன்?

வரிசை வீடுகள் பலவற்றிற்கு ஒரே தொட்டியும் ஒரே குழாயும் இருப்பின், அடுத்த வீட்டார் குழாய் திறந்தாலும் இவ்வீட்டு ஷவரில் நீர் குறையும். வேலை முடிந்து அனைவரும் குளிக்கும் மாலை வேளையில் தொல்லை மிகுவது இதனாலேயே. தனி வீட்டிலும் அடுக்களைக் குழாயும் துணி துவைக்கும் இயந்திரமும் அதே குழாயில் பங்கு கேட்கும்.

தொட்டியின் உயரமும் காரணமாகும். பத்து மீட்டர் உயரத்து நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். ஷவருக்கு மேல் இரண்டே மீட்டரில் தொட்டி இருப்பின், அதில் ஐந்தில் ஒரு பங்கே கிட்டும். அத்துணைச் சிறிய அழுத்தத்தில் வடிகட்டியில் படிந்த துருவும் மண்ணுமே ஓட்டத்தைத் தடுக்கப் போதும்.

வாளிச் சோதனை

காரணத்தை அறிய ஒரு வாளியும் கடிகாரமும் போதும். மின் விசையை அணைத்துவிட்டு, ஷவரின்கீழ் 4 லிட்டர் நீர் நிறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பின்னர் அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு மீண்டும் குறிக்க வேண்டும். முன்பு 60 விநாடியும் பின்பு 90 விநாடியும் ஆயின், வெந்நீர் 40 பாகையிலிருந்து 46 பாகைக்குத் தாவும். நேரம் மாறாதிருந்தும் சூடு மாறினால் மட்டுமே கருவியையோ மின்சாரத்தையோ ஐயுற வேண்டும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

செய்யத்தக்கன

முதலாவது, மின்சாரத்தைத் துண்டித்தபின் வடிகட்டி வலையையும் ஷவர்த் தலையின் துளைகளையும் தூய்மை செய்தல். இதற்குச் செலவில்லை. இரண்டாவது, தொட்டியிலிருந்து குளியலறைக்குத் தனிக் குழாய் இடுதல். இதுவே நிலையான மருந்து. அது இயலாதாயின், பொதுக் குழாயையேனும் பருமனாக மாற்றலாம். மூன்றாவது, தொட்டியை உயர்த்துதல், அல்லது நீரேற்றி பொருத்துதல். அடிக்கடி ஓடி ஓடி நிற்கும் நீரேற்றி ஓட்டத்தை மேலும் அலைக்கழிக்குமாதலின், அதனுடன் அழுத்தக் கலன் ஒன்றும் இருத்தல் நலம். இவற்றிற்குப் பின்னும் புதுக் கருவி வேண்டுமெனில், வெப்பநிலையை உணர்ந்து தானே சரிசெய்யும் வகையை நாடலாம்.

செய்யத்தகாதன

கருவியின் வெளிவாயில் அடைப்புக் குழாய் எதுவும் பொருத்தலாகாது. 3.6 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 15.7 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் செருகியில் அதனை மாட்டுதல் தீயை அழைப்பதாகும். மின் இணைப்பு வேலை அனுமதி பெற்ற மின்பணியாளர்க்கே உரியது. ஈரமான இடங்களுக்கு, 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி வேண்டுமென்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் பணிக்கின்றன. அக்கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

அறுபது பாகை நீர் ஐந்து விநாடியில் ஆழ்ந்த புண் உண்டாக்கவல்லது. குழந்தையின் மெல்லிய தோலுக்கு அத்துணை நேரமும் வேண்டுவதில்லை. குழாயைத் திருத்திய பின்னரும், நீரைத் தன் கையில் ஏற்றுப் பார்த்த பிறகே பிள்ளைமேல் விடுதல் வேண்டும். பதம் பார்த்து விளாவிய பாட்டியரின் பழக்கத்தைக் கருவி வந்ததென்று கைவிடலாகாது.