ஏழு தம்ளர்கள் ஏன் சிவந்தன?

பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பற்றி நடத்தும்போது எலைசா, வெஸ்டர்ன் பிளாட் என்ற இரண்டு சோதனைகளைச் சொல்கிறோம். பல ஆண்டுகளாக அவற்றை வெறும் பெயர்களாகவே சொல்லிக் கடந்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு செயல்பாடாகச் செய்து காட்டலாம் என்று முயன்றேன். அது தவறிப்போனது. அந்தத் தவறு எனக்குக் கற்றுத் தந்ததைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் நீர் சிவக்கும் என்பது எல்லா வீடுகளிலும் தெரிந்தது. பத்து பிளாஸ்டிக் தம்ளர்களை வரிசையாக வைத்தேன். இரண்டில் மட்டும் யாருக்கும் தெரியாமல் சுண்ணாம்புத் தெளிவு நீர். மற்ற எட்டில் குடிநீர். மாணவர்கள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் நீரை ஊற்றினார்கள். இரண்டு சிவக்க வேண்டும், சிவந்தவை ஏழு.

"மிஸ், ஏழு பேருக்கு வந்துருச்சா?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. முன்வரிசை மாணவிதான் சொன்னாள்: "மத்தியானம் சோப்புத்தூள் போட்டுக் கழுவுனோம் மிஸ். சரியா அலசல." வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவப்பது போலத்தான் இதுவும்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் தயங்கி நின்றான். அவனுடைய மாமாவுக்கு முதல் இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று சொல்லி, மறு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் வீட்டில் அவருக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்துவிட்டார்கள். மறு பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்தது. "மொதல்ல ஏன் மிஸ் அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டான். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

எலைசாவில் நடப்பது என்ன?

ஒரு தட்டில் பல சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். அதில் ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை இடுவார்கள். அவர் உடலில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால் அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றவை கழுவி நீக்கப்படும்.

பற்றிய எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தெரியாது. எனவே மனித எதிர்ப்பொருளையே பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். இதில் ஒரு நொதி இணைக்கப்பட்டிருக்கும். இதுவே அடையாளமிட்ட எதிர்ப்பொருள். மறுபடி கழுவிவிட்டு, நொதி வினைபுரியும் வேதிப்பொருளைச் சேர்த்தால் நிறம் தோன்றும்.

இந்த முறையை ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் ஆகியோர் 1971-இல் வெளியிட்டனர். இதில் சரியாகக் கழுவாவிட்டால் ஒட்டாத நொதியும் நிறம் தரும். எங்கள் தம்ளர்களில் தங்கிய சோப்பும் அதைத்தான் செய்தது. நன்றாகக் கழுவினாலும், வேறு எதற்கோ உருவான எதிர்ப்பொருள் சில நேரம் வைரஸ் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதுண்டு. முதற்கட்டச் சோதனை, தொற்று உள்ள ஒருவரையும் தவறவிடக் கூடாது என்ற நோக்கில் அமைந்தது. அதனால் தொற்று இல்லாத சிலரையும் அது சுட்டிவிடும். அந்த மாணவனின் கேள்விக்கு இதுதான் பதில்.

1986-இல் சென்னையில்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாதிரிகளைச் சேகரித்தார். போதிய வசதி இல்லாததால் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார். அங்கு நடந்த எலைசாவில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின.

அதோடு அவர்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை. அந்த ஆறு பேரிடமும் மீண்டும் இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று, வெஸ்டர்ன் பிளாட் முறையில் சோதித்து உறுதிசெய்தார்கள். இந்த முறையில் வைரஸின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, எந்தெந்தப் புரதத்தோடு எதிர்ப்பொருள் ஒட்டுகிறது என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

ஆய்வகத்தில் இதே உத்தி

நோயறிதலுக்கு மட்டுமல்ல, செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று அறியவும் அடையாளமிட்ட எதிர்ப்பொருள் உதவுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி எதிர்ப்பொருள் தயாரிப்பது கடினம்.

விம்கோ நகர் மாணவர்கள் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்ப்பவர்கள். பெட்டியைத் திறக்காமலே, மேலே எழுதிய எண்ணைக் கொண்டு அதை அடையாளம் காண்கிறார்கள். ஆய்வாளர்களும் புரதத்துக்கு ஓர் அடையாள வால் சேர்க்கிறார்கள். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் சிறு துண்டைச் சேர்த்துவிட்டால், செல்லே வாலோடு புரதத்தைத் தயாரித்துவிடும். இன்ஃபுளுயன்சா வைரஸின் ஒரு புரதத்திலிருந்து எடுத்த, 9 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட வால் இவற்றுள் புகழ்பெற்றது. அதைப் பற்றும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயம் சேர்த்தால், நுண்ணோக்கியில் புரதம் இருக்கும் இடம் ஒளிரும். எந்தப் புரதத்தில் இந்த வாலைச் சேர்த்தாலும் அதே எதிர்ப்பொருள் போதும்.

இங்கும் வால் சேர்க்காத செல்களை உடன் வைத்துச் சோதிப்பது கட்டாயம். அவையும் ஒளிர்ந்தால் முடிவை ஏற்க முடியாது. வால் சேர்ந்த பிறகும் புரதம் தன் வேலையைச் செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

தம்ளர்களைத் தூய நீரில் மூன்று முறை அலசுங்கள். சுண்ணாம்பு நீர் என்று எழுதிய ஒரு தம்ளரும், வெறும் நீர் என்று எழுதிய ஒரு தம்ளரும் தனியே இருக்கட்டும். முதலாவது சிவந்து, இரண்டாவது மஞ்சளாகவே இருந்தால் மட்டும் மற்றவற்றின் முடிவை எழுதச் சொல்லுங்கள். சுண்ணாம்பு கண்ணில் படாமலும், யாரும் குடித்துப் பார்க்காமலும் கவனியுங்கள். இதில் எதிர்ப்பொருள் ஏதும் இல்லை, இது ஒரு மாதிரி மட்டுமே என்பதையும் சொல்லிவிடுங்கள். தொடக்கநிலை வகுப்புகளில் மஞ்சள், சோப்பு நிறமாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு செய்திகளை மாணவர்களிடம் தவறாமல் சேர்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், அங்கு ஒரே சோதனையை வைத்துத் தொற்று உண்டு என்று முடிவு செய்வதில்லை. தட்டு, தம்ளர் வழியாக எச்.ஐ.வி. பரவாது, தொற்று உறுதியானவருக்கும் அவற்றைத் தனியே வைக்கத் தேவையில்லை.

மறுமுறை செய்தபோது சரியாக இரண்டு தம்ளர்கள் சிவந்தன. "வெறும் நீர்" தம்ளரை அந்த மாணவனே கேட்டு வாங்கிக்கொண்டான். அது மஞ்சளாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை எழுதவிட்டான்.