ரோஜா மணக்கும் இலை!



ஒருமுறை மாணவர்களை ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். வழியில் ஒரு செடியின் இலையைக் கசக்கிய சிறுமி, "சார், ரோஜா வாசனை வருது! ஆனா ரோஜாவையே காணோமே?" என்று கேட்டாள்.

அந்தச் செடிதான் பெலார்கோனியம். நம்மூர் மருக்கொழுந்தைப் போல இதற்கும் மணம் இலையில்தான்! ரோஜா மட்டுமா? எலுமிச்சை, புதினா மணம் வீசும் வகைகளும் உண்டு.

பெயர் வந்த கதை

இதை எல்லாரும் 'ஜெரேனியம்' என்பார்கள். அது வேறு செடி! 1753ல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார். 1789ல் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே பிரித்தார். ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. கிரேக்க மொழியில் 'பெலார்கோஸ்' என்றால் நாரை. இதன் காய், நாரையின் அலகு போல நீண்டிருக்கும்.

தோட்டத்தில்

இதன் தாயகம் தென்னாப்பிரிக்கா. அரைச் சாண் கிளையை நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நட்டால் வேர் விடும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஜாக்கிரதை!

சமையலறையில்

மேலை நாடுகளில் ரோஜா மண இலைகளைச் சர்க்கரை ஜாடியில் போட்டு வைப்பார்கள். சில நாளில் சர்க்கரையே மணக்கும்! கேக் தட்டின் அடியிலும் இலையைப் பரப்புவார்கள். இலையில் எடுக்கும் எண்ணெய், சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பயன்படுகிறது. ரோஜா எண்ணெயை விட விலை குறைவு.

மருந்தாக

'சிடாய்டிஸ்' என்ற வகையின் வேரைத் தென்னாப்பிரிக்க மக்கள் காலங்காலமாக மருந்தாக்கினர். 1897ல் காசநோயுடன் அங்கு சென்ற ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், நாட்டு வைத்தியர் தந்த வேர்க் கஷாயத்தால் குணமானதாகச் சொன்னார். இங்கிலாந்து திரும்பி அதை விற்கவும் செய்தார். ஆனால், காசநோயை அது குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. இன்று ஜெர்மனியில் சளி, இருமலுக்கு இதன் சாறு விற்பனையாகிறது.

பின்னாளில் அந்த வேரிலிருந்து சாறு எடுக்கும் முறைக்கு ஒரு ஜெர்மன் நிறுவனம் காப்புரிமை பெற்றது. "இது எங்கள் முன்னோர் அறிவு!" என்று, ஆலிஸ் என்ற தென்னாப்பிரிக்க ஊர் மக்கள் சார்பில் வழக்குத் தொடுத்தார்கள். 2010ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது. எளிய மக்களுக்கு வெற்றி!

இன்னொரு கவலையும் உண்டு. இலையைப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால்? செடியே போய்விடும். காட்டில் அளவின்றித் தோண்டினால் மருந்தும் மிஞ்சாது, செடியும் மிஞ்சாது.

குழந்தைகளே, எந்த மூலிகையையும் பெரியவர்களைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். மலை ஊருக்குப் போனால் ஓர் இலையைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். வேரை மட்டும் விட்டுவிடுங்கள்!