கப்பலைக் காட்டிக்கொடுக்கும் துளி

1974ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அடுத்தடுத்து வந்த ‘எர்த்குவேக்’, ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ ஆகிய இரு படங்களும் 2024இன் இறுதியில் ஐம்பதாண்டை நிறைவு செய்தன. அவற்றுக்கு இரண்டாண்டுகள் முன்பு வெளியான ‘தி பொசைடன் அட்வெஞ்சர்’ படத்தையும் சேர்த்து, ஹாலிவுட் பேரழிவுப் படங்களின் பொற்காலம் இதுவே என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். இப்படங்களை இன்று பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரே படத்தில், கவிழ்ந்த கப்பலின் உள்ளே நிகழ்பவை இன்றும் மூச்சைப் பிடித்துவைக்க, அதே கப்பலைக் கடலில் காட்டும் காட்சி மட்டும் குளியல் தொட்டியில் மிதக்கும் பொம்மையாகத் தோன்றுவது ஏன்? அக்காலத் தொழில்நுட்பம் பின்தங்கியிருந்தது என்ற வழக்கமான விடை போதாது. உண்மையான விடை நீரின் இயல்பில் இருக்கிறது.

அதற்கு முன், இப்படங்களின் கதைகளில் உள்ள அறிவியல் பிழையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பொசைடன்’ படத்தில் புத்தாண்டு இரவில் கிரீட் தீவின் அருகே கடலடி நிலநடுக்கம் நிகழ்கிறது; அதில் பிறந்த அலை நடுக்கடலில் மலைபோல எழுந்து பெருங்கப்பலைக் கவிழ்க்கிறது. ஆழிப்பேரலை நடுக்கடலில் அவ்வாறு எழுவதில்லை. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடினாலும், அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை; ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேல் இருப்பதால், கப்பல் பல நிமிடங்களில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து வங்கக் கடலின் மேல் சென்ற செயற்கைக்கோள்கள் அளந்த அலை உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். அவற்றுள் ஒன்றின் பெயரிலும் ‘பொசைடன்’ இருந்தது. அன்று காலை ஆழ்கடலில் இருந்த தமிழக மீனவர்கள் பலர், தங்கள் படகுகளுக்கு அடியில் அது கடந்து சென்றதை அறியாமலே கரை திரும்பினர். புயற்கடலில் திடீரென எழும் தனித்த பேரலையைக் காரணமாகக் காட்டியிருந்தால் கதை பிழைத்திருக்கும். வட கடலின் டிராப்னர் மேடையில் 1995 புத்தாண்டு நாளன்று 25.6 மீட்டர் உயரமுள்ள அத்தகைய அலை கருவியால் பதிவு செய்யப்பட்டது. 2006இல் எடுக்கப்பட்ட மறு ஆக்கம் அந்தக் காரணத்தையே தேர்ந்தது.

இந்தப் பிழையால் எந்தப் பார்வையாளரும் இருக்கையை விட்டு எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடலியலில் இவ்வளவு பெரிய தவற்றைப் பொறுத்துக்கொள்ளும் கண், திரையில் தெறிக்கும் ஒரு நீர்த்துளியைப் பொறுத்துக்கொள்வதில்லை. பொருள்கள் விழ எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் நீர் உடையும் விதத்தையும் மனிதக் கண் பிறந்தது முதல் பார்த்துப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை ஏமாற்றுவதே சிறுவடிவ மாதிரிகளைக் கொண்டு படமெடுப்போரின் முழுத் தொழில்.

‘பொசைடன்’ படத்தில் கவிழும் கப்பலுக்காக, ‘குவீன் மேரி’ என்ற உண்மையான கப்பலின் வரைபடங்களைக் கொண்டு 48இல் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ ஆறரை மீட்டர் நீள மாதிரி ஒன்று செய்யப்பட்டது. உயரம் 48இல் ஒரு பங்காகக் குறையும்போது விழும் நேரமும் 48இல் ஒரு பங்காகக் குறைவதில்லை. அது உயரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் ஏறத்தாழ 7இல் ஒரு பங்காகவே குறைகிறது. மாதிரிக் கப்பலின் உலகில் எல்லாம் ஏழு மடங்கு விரைவாக நடக்கும் என்பது இதன் பொருள். திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஆகவே கேமராவை நொடிக்கு ஏறத்தாழ 166 சட்டங்கள் பிடிக்கும் வேகத்தில் ஓட்டி, அந்தச் சுருளை இயல்பான வேகத்தில் காட்டினால், ஆறரை மீட்டர்ப் பொம்மை 300 மீட்டர்க் கப்பலின் நிதானத்தோடு சாயும். ஒவ்வொரு சட்டமும் ஒளியைப் பெறும் நேரம் ஏழில் ஒன்றாகச் சுருங்குவதால் ஏழு மடங்கு வெளிச்சம் வேண்டும். அருகிலிருந்து எடுக்கப்படும் மாதிரியின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டியிருப்பதால், அதற்கும் மேல் வெளிச்சம் வேண்டும். இவ்வளவையும் நிறைவேற்றிய எல். பி. ஆபட், ஏ. டி. ஃப்ளவர்ஸ் இருவரும் அப்படத்துக்காகச் சிறப்பு ஆஸ்கர் பெற்றது முற்றிலும் தகும்.

ஆயினும் அந்தக் கடல் நம்பும்படி இல்லை. ஈர்ப்பு விசை இந்த ஏற்பாட்டுக்கு உடன்பட்டது. நீரின் மேற்பரப்பைத் தோல்போல இழுத்துப் பிடித்திருக்கும் பரப்பு இழுவிசை உடன்படவில்லை. காற்றில் விழும் நீர்த்துளி ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் உடைந்துவிடும், அதற்குக் கீழே இழுவிசை அதைக் கட்டிக்காக்கும். இந்த வரம்பு பெருங்கடலுக்கும் படப்பிடிப்புத் தொட்டிக்கும் ஒன்றே. ஆகவே மாதிரிக் கப்பலின் மேல் தெறிக்கும் ஐந்து மில்லிமீட்டர்த் துளி, திரையில் 24 சென்டிமீட்டர்த் துளியாகிவிடுகிறது. அப்படியொரு துளி உலகின் எந்தக் கடலிலும் இல்லை.

இதைத் தெளிவாகக் காண, டீக்கடையில் தேநீர் ஆற்றுபவரை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அவர் ஊற்றும் தேநீர் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கீழே உள்ள கிளாசை அடைகிறது. அந்தத் தாரை உடையாமல், கயிறுபோல முறுக்கி விழுகிறது. அவரும் கடையும் கிளாசும் 48 மடங்கு பெரிதாகிவிட்டதாகக் கொண்டால், 80 மீட்டர் உயர மனிதர் 48 மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றுவார். தேநீர் கீழே வர மூன்று நொடிக்கு மேல் ஆகும், வந்து சேரும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டராக இருக்கும். அந்த வேகத்தில் காற்று தாரையின் விளிம்புகளைப் பிய்த்து நுண்துளிகளாக்கிவிடும் என்பதால், கிளாசைச் சுற்றி மூடுபனி படரும். நுரைக் குமிழிகள் அப்போதும் சில மில்லிமீட்டர் அளவிலேயே இருப்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குமிழி எதுவும் தெரியாமல் வெண்மை மட்டுமே தெரியும். புயற்கடலின் நுரை வெண்மையாகத் தெரிவதும் இதனால்தான். ஆற்றாமல் வைத்துவிட்டால், கன அளவு பெருகும் விகிதத்துக்கு மேற்பரப்பு பெருகாததால், பத்து நிமிடத்தில் ஆறவேண்டிய தேநீர் ஆற எட்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கு சொல்கிறது. ஒரே முறை ஆற்றினாலோ, தாரை துளிகளாகச் சிதறி மேற்பரப்பு பெருகிவிடுவதால் உடனே ஆறிவிடும். இனி, இயல்பான கடையில் ஆற்றப்படும் தேநீரை ஏழு மடங்கு மெதுவாக்கித் திரையிட்டு, இதுவே அந்தப் பேருருவரின் தேநீர் என்று சொன்னால், விழும் நேரம் மிகச் சரியாக இருந்தும் ஒருவரும் நம்பமாட்டார்கள், ஏனெனில் தாரை இன்னும் வழவழப்பான கயிறாகவே இருக்கிறது.

சோப்புத் தன்மையுள்ள பொருள்களை நீரில் கலந்து இழுவிசையைக் குறைக்கலாம். ஆனால் அவை இழுவிசையைப் பாதியளவுக்கும் சற்றுக் கீழே கொண்டுவந்தாலும், துளியின் அளவு இழுவிசையின் வர்க்கமூலத்தைச் சார்ந்திருப்பதால், 24 சென்டிமீட்டர்த் துளி 15 சென்டிமீட்டராக மட்டுமே குறைகிறது. கணக்கு முழுமையாகப் பொருந்த வேண்டுமானால் இழுவிசை 48இன் வர்க்கமான 2,304இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அத்தகைய நீர்மம் எந்த ஆய்வகத்திலும் இல்லை. மாதிரியைப் பெரிதாக்குவதே மீதமுள்ள ஒரே வழி, அது பணத்தின் வரம்பில் முடிந்துவிடுகிறது.

நீளத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் இந்த விதியைத் திரையுலகம் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் டார்க்கி நகரில் 1870களின் தொடக்கத்தில் தொட்டி கட்டி, மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. திரையில் பேரழிவுக் காட்சிகளும் 1970களுக்கு முந்தியவையே: ராஞ்சிப்பூர் என்ற கற்பனை இந்திய நகரை நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் மூழ்கடித்த ‘தி ரெய்ன்ஸ் கேம்’ (1939), சிறப்புக் காட்சிகளுக்கென முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட போட்டி ஆஸ்கரைப் பெற்றது. வரலாறு இவ்வளவு போதும்.

இப்படங்களின் ஈர்ப்புக்கு விளக்கமும் இதே விதியில் கிடைக்கிறது. ‘பொசைடன்’ கப்பலின் விருந்து மண்டபம் தலைகீழாக முழு அளவில் கட்டப்பட்டது. அங்கே உருளும் மேசைகளும் கீழே விழும் உடல்களும் சன்னலை உடைத்துப் பாயும் நீரும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதால், விழும் நேரமும் துளியின் அளவும் தாமாகவே சரியாக அமைந்தன. ‘டவரிங் இன்ஃபெர்னோ’ படத்தின் அறைகளில் எரிந்ததும் உண்மையான நெருப்பே. சூடான வளிமம் மேலெழுவதற்கும் ஈர்ப்பு விசையே காரணமாதலால், தீயின் துடிப்பும் வர்க்கமூல விதிக்கு உட்பட்டது: மெழுகுவத்திச் சுடர் துடிக்கும்போது நொடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கிறது, ஒரு மீட்டர் அகலத் தீ ஒன்றரை முறையே துடிக்கிறது. எனவே தீயின் அளவைக் கண் உடனே கண்டுகொள்கிறது. அப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீனுக்குப் பின்னால் மெதுவாகப் பொங்கும் பிழம்பு பெரியது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நெருப்பு உண்மையானது. அதன் புகை உண்மையானதன்று. கட்டடத் தீ விபத்துகளில் பலரைக் கொல்வது சுடரன்று, கார்பன் மோனாக்சைடு நிறைந்த புகையே. மூடிய அறையில் அது கூரையிலிருந்து கரும்படலமாக இறங்கி, சில நிமிடங்களில் எதிரே இருப்பதை மறைத்துவிடும். நட்சத்திரங்களின் முகம் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தால் படத்தில் பெரும்பாலும் காற்று தெளிந்தே இருக்கிறது. நடுக்கடல் ஆழிப்பேரலையைவிட இந்தக் குறையே மோசமானது, ஏனெனில் தீப்பிடித்த கட்டடத்தில் நின்று யோசிக்க நேரம் இருக்கிறது என்ற எண்ணத்தை அது விதைக்கிறது.

‘எர்த்குவேக்’ படத்துக்காக விளம்பரப்படுத்தப்பட்ட ‘சென்சரவுண்ட்’ குறித்தும் ஐயம் கொள்வது நியாயம். பெரிய ஒலிபெருக்கிகளால் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஒலியை எழுப்பி மார்பையும் இருக்கையையும் அதிரச்செய்த அந்த அமைப்பு, நிலநடுக்கத்தை உணரவைப்பதாகச் சொல்லப்பட்டது. அது அசைத்தது காற்றை மட்டுமே. பெரிய நிலநடுக்கங்களில் உயரமான கட்டடங்களை ஆட்டும் அசைவு, ஒரு முறை சென்று திரும்பப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மெதுவானது. அதை எழுப்ப எந்த ஒலிபெருக்கியாலும் இயலாது. சில படங்களுக்குப் பின் 1970களின் இறுதியிலேயே ‘சென்சரவுண்ட்’ வழக்கொழிந்தது.

இன்று கணினியில் நீரின் பரப்பு இழுவிசை ஓர் எண் மட்டுமே; அதை 2,304 ஆல் வகுத்துக்கொள்வதில் தடை இல்லை. ஆபட்டின் காலத்தவர் தீர்க்க முடியாத சிக்கல் இவ்வாறு தீர்ந்துவிட்டது. ஆனால் கணினியில் ஈர்ப்பு விசையும் ஓர் எண்தான், படத்தொகுப்பின் அவசரத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிவிடும் ஆசை பலரை விட்டபாடில்லை. 400 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து உதிரும் கல், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், தரையைத் தொட 9 நொடி எடுக்கும். புதிய பேரழிவுப் படங்களைப் பார்க்கும்போது, கல் உதிர்ந்து தரையைத் தொடும் நேரத்தை நொடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கத்தை 4.9 ஆல் பெருக்கினால் கோபுரத்தின் மெய்யான உயரம் மீட்டரில் கிடைத்துவிடும்; 4 நொடியில் கல் தரைக்கு வந்துவிட்டால், திரையில் சரிவது 78 மீட்டர்க் கட்டடம்.