பால் மாட்டின் காளைக் கன்று

பசு கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது என்பதும், பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளையாகவே இருக்கும் என்பதும் மாடு வளர்ப்போர் யாவரும் அறிந்த விஷயங்கள். இருந்தும், கிடாரி பிறந்தால் பூரித்துப்போகிற அதே வீட்டில், காளைக் கன்றுக்கு விடும் பால் நஷ்டக் கணக்கிலேயே சேர்கிறது. அது மெலிந்து மடிந்தாலும் கேட்பாரில்லை, பிழைத்தாலோ கிடைத்த விலைக்குக் கைமாறிவிடுகிறது. நமக்குப் பால் வேண்டும் என்பதற்காகப் பிறப்பிக்கப்பட்ட அந்த ஜீவனைச் சிரத்தையோடு வளர்த்து, நல்ல எடையில் இறைச்சிக்கு விற்பதே அதற்கும் நமக்கும் நியாயமான வழி என்பது என் அபிப்பிராயம்.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கறவை மாடு வளர்த்தவர்களில் தமிழர் பலர். இந்தியாவிலிருந்து வந்து, தலைமுறைதோறும் கலந்துபோன அம்மாடுகளைக் கால்நடை இலாகா ‘உள்ளூர் இந்தியக் கறவை இனம்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் அவ்வினத்துக்குப் பால்தான் சொற்பம். அக்குறையைப் போக்கவே ஆஸ்திரேலியாவிலிருந்து சாஹிவால்–ஃப்ரீசியன் கலப்பு மாடுகள் வரவழைக்கப்பட்டன. ஜொகூரின் ஆயர் ஈத்தாம் அரசாங்கப் பண்ணையில் பேணப்பட்ட அவற்றின் வம்சமே ‘மஃப்ரிவால்’ எனப் பெயர் பெற்றது.

பாலுக்காக உருவான இக்கலப்பின் காளைகளுக்கு இறைச்சிச் சந்தையில் இடமுண்டா? உண்டு. இந்நாட்டின் பழைய இனமான கெடா–கிளந்தான் பசு, முதிர்ந்த பருவத்திலும் சுமார் 200 கிலோவே இருக்கும். ஃப்ரீசியன் இரத்தம் கலந்த காளையோ உடற்கட்டில் பெரியது. எலும்பு அதிகம், சதை பிடிக்க நாளாகும், பின்தொடை இறைச்சி இனங்களைப்போலத் திரளாது என்பவை மெய்யான குறைகள். ஆயினும் மலேசியர் உண்ணும் மாட்டிறைச்சியில் கால் பங்குகூட உள்நாட்டில் விளையாமல், பெரும்பகுதி இந்தியாவின் உறைந்த எருமை இறைச்சியாக வந்து இறங்கும்போது, நம் தொழுவத்துக் கன்றை அலட்சியம் செய்வது எவ்வகையில் விவேகம்? பிரிட்டனின் மாட்டிறைச்சியில் ஏறத்தாழப் பாதி கறவை மந்தைகளிலிருந்தே கிடைக்கிறது.

கன்று தேறுமா தேறாதா என்பது முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தாயின் கருப்பையில் நோயெதிர்ப்புச் சக்தி கன்றுக்கு வந்து சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் அது கிடைத்தாக வேண்டும். குடல் அதை முழுமையாக ஏற்பது பிறந்த முதல் சில மணி நேரமே, ஒரு நாள் கழிந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஆகவே 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் சீம்பால் ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கிடாரிக்கு வயிறாரக் கொடுத்துவிட்டுக் காளைக்குக் கடைசி மடக்கை விடுகிறவர், பின்னால் கழிச்சலுக்கும் சளிக்கும் மருந்து வாங்கிச் செலவழிக்கிறார். பிறகு சில வாரங்களுக்குள் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கினால் முதல் இரைப்பை வளர்ந்து, புல்லை ஜீரணிக்கும் பக்குவம் வரும்.

அடுத்தது தீவனம். ஜொகூரின் பொந்தியான் வட்டாரத்தில் மண் பெரும்பகுதி சதுப்புக் கரி மண். புளிப்பு மிகுந்தது, நீர் கோத்தது, மாட்டின் குளம்பு புதையும் இயல்புடையது. மேய்ச்சலுக்கு உகவாத அதே மண்ணில்தான் அன்னாசி செழிக்கிறது. அங்குள்ள பெக்கான் நனாஸ் என்னும் ஊர்ப்பெயரே அன்னாசியால் வந்தது. டின்னில் அடைக்கும் ஆலைகள் ஒதுக்கும் தோலும் நடுத்தண்டும் மாட்டுக்கு நல்ல ஆகாரம். ஈரம் மிகுந்த அக்கழிவு விரைவில் கெட்டுப்போவதால், காற்றுப்புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சேமிக்க வேண்டும். அதில் புரதம் குறைவு. அக்குறையை, சுமார் 16 சதவீதம் புரதமுள்ள செம்பனை விதைப் பிண்ணாக்கு ஈடுசெய்யும். வெட்டிப் போட்ட நேப்பியர் புல்லும் சேர்ந்துவிட்டால் கொட்டகையிலேயே காளையை வளர்த்தெடுப்பது சாத்தியம். ஆனால் தனியே கட்டி வளர்த்த கறவை இனக் காளை, மனிதனையே எதிரியாகக் கருதிப் பாயக்கூடிய பிராணி என்பதை மறக்கலாகாது. கன்றுப் பருவம் முதல் கூட்டமாக விடுவதும், உரிய காலத்தில் காயடிப்பதும் அவசியம்.

இன்னொரு மார்க்கமும் உண்டு. மந்தையின் தலைசிறந்த பசுக்களுக்குப் பால் இன விந்தைச் செலுத்தி அடுத்த தலைமுறைக் கிடாரிகளைப் பெற்றுக்கொண்டு, ஏனையவற்றை இறைச்சி இனக் காளையோடு சேர்த்தால், கன்று பிறக்கும்போதே சதைப்பற்றின் குணத்தோடு பிறக்கும். பெண் கன்றையே பெரும்பாலும் தரும்படி பிரித்தெடுத்த விந்து இன்று கிடைப்பதால் இம்முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேகமாகப் பரவியிருக்கிறது. ஹெர்ஃபோர்டு காளைக்குப் பிறந்த கன்றின் வெள்ளை முகத்தைக் கண்டதுமே வாங்குபவர் அதன் தந்தை இனத்தைக் கூறிவிடுவார். முதல் ஈற்றுக் கிடாரிக்குப் பெருங்கன்று போடும் காளையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் தாயும் கன்றும் ஆபத்துக்குள்ளாக நேரும்.

நம்மில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பிறர் உண்ணவே கன்றை விற்கிறோம் என்பதும் உண்மையாதலால், விற்கும்வரை அதன் பசியும் நோயும் நம் பொறுப்பாகவே இருக்கின்றன. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக்கு மாடு தேடி வரும் முஸ்லிம் அயலார், இரண்டு வயது நிறைந்த, குருடோ நொண்டியோ மெலிவோ இல்லாத மாட்டைத்தான் தங்கள் மார்க்க விதிப்படி ஏற்பார்கள். சீம்பாலுக்கு ஏங்கித் தேறாமல் போன கன்று அந்த வாசலுக்கே போய்ச் சேராது.