கண்ணும் கருவியும் – 9: அந்தியில் எத்தனை நிமிஷம்?

1926ஆம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில், எட்டு ஆண்டுகளில் 125 மனித உயிர்களைக் கொண்டுபோனதாகச் சர்க்கார் கணக்கில் ஏறியிருந்த ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை, கோலாப்ராயில் ஒரு மாமரத்தின் மேல் அமர்ந்து ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தியபோது, அவருக்கு ஒளி கொடுத்தது ஒரு மின்சார டார்ச்சே. அதுவும் குறி தெரிந்த கணம்வரை எரிந்துவிட்டு, விசையை இழுக்கும்போதே அணைந்து போயிற்று. நம் பக்கத்தில், அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த பென்னாகரம், அஞ்செட்டிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சனும், தம் .405 வின்செஸ்டர் துப்பாக்கியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டே இரவில் காத்திருந்தார். துப்பாக்கியின் முதுகில் பொருத்தும் சிறு தொலைநோக்கி, அதாவது இன்று எல்லோரும் ‘ஸ்கோப்’ என்று சொல்லும் உபகரணம், ஐரோப்பிய வேட்டைக்காரர்களிடையே அக்காலத்திலேயே புழக்கத்துக்கு வந்திருந்தும், நம் காடுகளின் புகழ்பெற்ற வேட்டைக் கதைகளில் அதற்குப் பெரிய பங்கு வாய்க்கவில்லை.

இனி வாய்ப்பதற்கும் இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதை இறுக்கிய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்நாட்டில் பொழுதுபோக்கு வேட்டையை முடித்து வைத்துவிட்டன. முடித்து வைத்தது நல்லது என்பதே என் அபிப்பிராயம். கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டிருப்பதால், லைசென்ஸ் துப்பாக்கியோடு மலைத்தோட்டங்களில் இரவைக் கழிப்பவர் சிலருக்கு மட்டும், ‘குறைந்த விலையில், மங்கிய வெளிச்சத்தில் உதவக்கூடிய ஸ்கோப் எது?’ என்ற கேள்வி இன்றும் உயிருள்ள கேள்வியாக இருக்கிறது. ஆனால் வேட்டைக்காரன் அந்தி வெளிச்சத்துக்காகப் போட்ட கணக்கு, துப்பாக்கியைத் தொட்டே அறியாத நமக்கும் அப்படியே பொருந்துவது. புதுச்சேரியின் ஊசுட்டேரிக் கரையில் கூடு திரும்பும் பறவைகளைப் பார்க்க விரும்புகிறவருக்கும், பிள்ளைச்சாவடிக் கரையில் நின்று கடலைப் பார்க்கிறவருக்கும் வேண்டியது அதே கணக்குத்தான்.

பிள்ளைச்சாவடியில் ஒரு மாலை, படகு ஓரமாக வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், சட்டைப் பையில் அடங்கக்கூடிய 10×25 பைனாகுலரைக் கொடுத்து, தூரத்தில் கரை திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகைப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பெருசாத்தான் தெரியுது சார், ஆனா இருட்டாயில்ல இருக்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கண்ணாலேயே அந்தப் படகு யாருடையது என்று சொல்லிவிட்டார். ஒளியியல் புத்தகம் ஓர் அத்தியாயத்தில் சொல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கருவியின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது, பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்கத்து லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதே, பின்பக்கம் வழியாக நம் கண்ணுக்குள் இறங்கும் ஒளிக்கற்றையின் விட்டம். பெரியவர் கையில் இருந்ததற்கு அது இரண்டரை மில்லிமீட்டர். அந்தி மங்க மங்க, வாலிபரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, அதற்கும் குறைவு. விரிந்த கண்மணிக்குள் இரண்டரை மில்லிமீட்டர்க் கற்றை மட்டும் நுழைந்தால், கண்ணின் வாசல் பெரும்பகுதி சும்மா திறந்து கிடக்கிறது என்று பொருள். 8×42 கருவியில் கற்றை ஐந்தேகால் மில்லிமீட்டர். பரப்பளவில் பார்த்தால் நாலு மடங்குக்கு மேல் வெளிச்சம். கப்பல்காரர்கள் விரும்பும் 7×50 ஏழு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகத் தரும். ஆனால் அதைச் சுமக்கக் கழுத்தில் வலு வேண்டும், அந்த ஏழையும் ஏற்கக்கூடிய இளமையும் வேண்டும்.

இதிலிருந்து ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத ஓர் உபாயமும் கிடைக்கிறது. மலிவு விலையில் அதிகமாக விற்கும் 3–9×40 ஸ்கோப்பை, இருட்ட இருட்ட ஒன்பதை நோக்கித் திருகுவதே மனித சுபாவம். அங்கே கற்றை நாலரை மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. ஆறுக்குத் திருப்பினால் ஆறரைக்கு மேல். அதோடு, குறிவைக்கும் குறுக்குக் கோடுகள் மயிரிழையாக இருந்தால், பிம்பம் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் கரிய பன்றியின் உடலில் கோடு மறைந்துவிடும். ஓரங்களில் தடித்த கோடுகள் உள்ள ஜெர்மானிய அமைப்பு அந்தி வேட்டைக்கென்றே வந்தது. இன்னொன்று: தூரத்தில் அசைவது என்னவென்று பார்க்க ஸ்கோப்பைக் கண்ணில் வைப்பவன், அசைவது மனிதனாக இருந்தால் மனிதன்மேல் துப்பாக்கியை நீட்டியவனாகிறான், ஆகையால் துப்பாக்கி உள்ளவனும் பார்ப்பதற்குத் தனியாக பைனாகுலர் வைத்திருக்கக் கடவன்.

விலை எங்கே ஏறுகிறது என்றால், லென்ஸின் மேற்பூச்சில். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பியடித்துவிடும். ஒளி கடக்கும் பரப்புகள் பத்து இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போயிற்று. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் ஸ்மகுலா என்பவர் கண்டுபிடித்த மெல்லிய பூச்சும், பிறகு வந்த பல அடுக்குப் பூச்சுகளும் இந்த நஷ்டத்தை மிகக் குறைத்துவிட்டன. நல்ல நடுத்தரக் கருவி நூற்றுக்கு எண்பது பங்கு ஒளியைக் கடத்தினால், லட்சத்தைத் தாண்டும் விலையுள்ளவை தொண்ணூற்றைத் தாண்டிக் கடத்துகின்றன.

அந்த வித்தியாசம் நமக்கு எவ்வளவு பிரயோஜனம் என்பதை விலைச்சீட்டு சொல்லாது, அட்சரேகை சொல்லும். புதுச்சேரி இருப்பது ஏறக்குறைய 12 பாகையில். இங்கே சூரியன் அடிவானத்தில் நேராக விழுந்து மறைவதால், அஸ்தமனத்துக்குப் பிறகு இருபது, இருபத்திரண்டு நிமிஷத்துக்குள் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதாவது சுமார் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ஜெர்மனியில் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்குவதால் இதே இறக்கத்துக்கு ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை நேரம் பிடிக்கும். 8×56 போன்ற கனத்த அந்திக் கண்ணாடிகள் அந்த நீண்ட மாலைகளுக்காகச் செய்யப்பட்டவை. எண்பதைத் தொண்ணூற்றிரண்டாக்க நாம் கொட்டும் பணம், பிள்ளைச்சாவடி மணலில் நமக்கு வாங்கித் தருவது முக்கால் நிமிஷத்துக்கும் குறைவு. அதற்கு மாறாக, 10×25ஐ விட்டு 8×42க்கு வருவது மட்டுமே, கண்மணி அதற்கு விரிந்து கொடுத்தால், ஆறேழு நிமிஷத்தைச் சேர்த்துத் தருகிறது. பணக்காரக் கண்ணாடியில் நிறமும் ஓரத்தெளிவும் மேலானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்திக்காக என்று சொல்லி அதை வாங்குகிறவர் ஐரோப்பாவின் மாலையை இங்கே விலைக்கு வாங்குகிறார்.

ஆகையால் கடையில் செய்ய வேண்டிய பரிசோதனை எளியது. கடையின் டியூப் லைட் முன் லென்ஸில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள்: வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பூச்சு இல்லை, மங்கிய பச்சையோ ஊதாவோ ஆனால் பூச்சு உண்டு, ரத்தச் சிவப்பில் மினுக்கும் லென்ஸ் கண்ணைக் கவருவதற்கே, வாங்காதீர்கள். பிறகு கருவியைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பின்பக்க லென்ஸில் தெரியும் ஒளிவட்டத்தைக் கவனியுங்கள். முழு வட்டமாக இருந்தால் நன்று. நாலு பக்கமும் சாம்பல் நிறத்தில் சீவப்பட்டு, சற்றே சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது மலிவான பட்டகம் என்று கொள்ளலாம். எழுதியிருக்கும் எண்கள் சொல்லும் வெளிச்சம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. ஒன்றுக்கு இரண்டாக ‘ஜூம்’ வசதி சொல்லிச் சில ஆயிரத்துக்கு விற்கும் கருவிகளை எடுத்தும் பார்க்க வேண்டாம்.

கிழக்குக் கரைக்காரர்களுக்கு மாலையைவிட விடியல் நல்லது. மாலையில் வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னால், தென்னந்தோப்புகளுக்கு அப்பால் தங்கிவிட, கடல்தான் முதலில் இருளும். விடியலிலோ படகுகள் வெளுத்த வானத்தின்மேல் கரிய உருவங்களாகத் தெளியும். சூரியன் எட்டிப் பார்க்குமுன் கருவியைக் கட்டாயம் கீழே இறக்கிவிட வேண்டும் என்பதை மட்டும் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

ஜனவரி முதல், பங்குனி ஆமைகள் இக்கரைகளுக்கு முட்டையிட வரும் காலத்தில் இரவில் போகிறவர்கள், எந்தக் கருவியானாலும் கண்ணை முதலில் இருளுக்குப் பழக்க வேண்டும். அதற்கு இருபது, முப்பது நிமிஷம் ஆகும், ஒரு செல்போன் வெளிச்சம் அத்தனையையும் கெடுத்துவிடும். வெள்ளை விளக்கு ஆமைக்கும் ஆகாது. அவசியமானால் மங்கிய சிவப்பு விளக்கு. புதுச்சேரித் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த 1980களின் பிற்பகுதிக்குப் பின் வடக்கே மணல் அரிக்கப்பட்டு, வீடுகளையும் இழந்து, தூண்டில் வளைவு கேட்டு நின்ற பிள்ளைச்சாவடியில் ஆமைக்கு மிஞ்சிய மணல் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் பைனாகுலரில் முழு வட்டத்தையும் பார்க்க முடியாமல் தவிப்பதற்குக் காரணமும், அதற்குப் பரிகாரமும் அடுத்த வாரம்.