உச்சியில் படிந்த மஞ்சள் ஏடு

குளிப்பாட்டத் தெரிந்த பாட்டி இருக்கும் வீடு இன்றைக்கும் கொடுத்துவைத்த வீடுதான். ஸ்ரீரங்கத்தின் நீளமான வீடுகளில், கொல்லைப்பக்கம் போகும் வழியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பேரனை அதில் கிடத்தி, இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றுவார். ஒருநாள் அந்தக் கை உச்சியில் நிற்கும். “என்னடிம்மா இது, ஏடு கட்டியிருக்கு?”

பார்த்தால், காய்ச்சிய பாலின் மேல் படிவதுபோல மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு படலம். சில இடத்தில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக. உடனே விசாரணை தொடங்கிவிடும். தலைக்குச் சரியாக ஊற்றவில்லையா? மாங்காய் ஏதாவது தின்றாயா? எண்ணெய் போதவில்லையோ? பிள்ளை பெற்று மாதம் ஒன்றுகூட ஆகாத தாய்தான் எல்லாக் கேள்விக்கும் குற்றவாளி.

உண்மையில் குற்றவாளி யாரும் இல்லை. அழுக்கால் இது வருவதில்லை. தாய் சாப்பிட்டதாலும் இல்லை. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதும் இல்லை. ஆங்கிலத்தில் இதைத் ‘தொட்டில் குல்லாய்’ என்பார்கள். நம் வீடுகளில் பொடுகு, பொருக்கு, செதில் என்று கண்டபடி பெயர் உண்டு. தோல் மருத்துவர் எழுதும் பெயர் செபோரிக் டெர்மடைட்டிஸ். பிறந்த சில வாரங்களில் தலைகாட்டும். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும். பிள்ளைக்கு அரிப்போ வலியோ பெரும்பாலும் இருக்காது. அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும். கவலை எல்லாம் பெரியவர்களுக்குத்தான்.

தானாக வந்து தானாகப் போவானேன்? விடை மயிர்க்காலின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் இருக்கிறது. கருவில் இருக்கும்போதே அந்தச் சுரப்பி வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிறந்த குழந்தையின் உடம்பில் வெண்ணெய் அப்பியது போல இருக்குமே, அந்த வெள்ளை மாவில் ஒரு பங்கு இந்தச் சுரப்பிகள் தந்ததுதான். தாயின் வயிற்றில் ஓடிய ஹார்மோன்களின் தூண்டுதல் பிறந்த பிறகும் சில மாதம் மிச்சமிருக்கும். குழந்தையின் உடம்பும் அந்த நாள்களில் தன் பங்குக்குக் கொஞ்சம் ஹார்மோன் சுரக்கும். அதனால் கைக்குழந்தையின் உச்சந்தலை, வளர்ந்த ஆளின் தலையைப் போல எண்ணெய் கசியும். மாதங்கள் போகப்போகத் தூண்டுதல் அடங்கும், சுரப்பி சுருங்கி உறங்கிவிடும்.

கசியும் எண்ணெய்க்காகக் காத்துக்கொண்டு ஒரு விருந்தாளி இருக்கிறது. 1874-ல் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி மலாசே, பொடுகுச் செதிலை நுண்ணோக்கியில் பார்த்து ஒரு ஈஸ்ட்டை விவரித்தார். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 1889-ல் அதற்கு அவர் பெயரையே வைத்து மலசேசியா என்றார்கள். இது அயல் கிருமி இல்லை. உங்கள் தலையிலும் என் தலையிலும் இப்போதும் இருக்கிறது. பிறந்த சில நாள், சில வாரங்களுக்குள், கொஞ்சித் தூக்கும் கைகளிலிருந்து குழந்தைக்கும் வந்துசேரும்.

இந்த ஈஸ்ட்டுக்கு ஒரு விசித்திரக் குறை. 2007-ல் மலசேசியா குளோபோசா என்ற வகையின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கத் தேவையான மரபணு அதில் இல்லை என்று தெரிந்தது. சுவர் எழுப்பக் கொழுப்பு வேண்டும், சொந்தமாகச் செய்யத் தெரியாது. எனவே நம் தலையின் எண்ணெயை லைபேஸ் என்ற நொதியால் உடைத்து, தனக்கு வேண்டிய அமிலங்களை எடுத்துக்கொண்டு, வேண்டாததை விட்டுவிடுகிறது. அப்படி மிஞ்சும் முக்கியமான ஒன்று ஓலிக் அமிலம். சிலருடைய தோலுக்கு அது எரிச்சல் தரும். எரிச்சல்பட்ட தோல் அவசர அவசரமாகப் புது செல்களை மேலே தள்ளும். சாதாரணமாக ஒரு மாதம் போல எடுத்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர வேண்டிய செல்கள், முதிராமலே கொத்துக்கொத்தாக வந்து, எண்ணெயில் ஒட்டி, ஏடாகப் படிகின்றன.

இங்கேதான் பாட்டியின் எண்ணெய்க் கிண்ணம் சிக்கலுக்கு உள்ளாகிறது. எண்ணெய் போதாததால் வந்தது என்று நினைத்து, வீட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். உச்சிக்குழி நிறைய விளக்கெண்ணெய். சூடு தணியட்டும், உச்சி மூடட்டும் என்று இரவெல்லாம் ஊறவிடுவார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மலசேசியாவை வளர்க்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? வளர்தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஊறவிட்ட எண்ணெய் அதற்குப் பந்திச் சாப்பாடு.

அப்படியானால் எண்ணெயே கூடாதா? அதுவும் இல்லை. காய்ந்து இறுகிய ஏட்டைத் தளர்த்த எண்ணெயைப் போல எளிய பொருள் கிடையாது. பலாப்பழம் அரியும்போது கையில் ஒட்டிய பாலைத் தண்ணீரால் கழுவிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: பிசினைப் பிரிக்க எண்ணெய்தான் வேண்டும். பிரித்த பிறகு எண்ணெயையும் கழுவிவிடுவோம் அல்லவா? பிள்ளையின் தலைக்கும் அதே முறைதான். எண்ணெய் வைப்பது பாதி வேலை. அலசி எடுப்பது மீதி. பல வீடுகளில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

எண்ணெய் பூசித் தண்ணீர் ஊற்றாமல் விடும் வழக்கம் ஸ்ரீரங்கத்தில் ஓரிடத்தில் உண்டு. பள்ளிகொண்ட பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. நீரால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி நடக்கும் அந்தத் தைலக்காப்பு சுதையைக் காக்கும். வீட்டுப் பெருமாளின் தலை சுதையால் ஆனதில்லை. அங்கே எண்ணெய்க்குப் பின்னால் தண்ணீர் வந்தே ஆக வேண்டும்.

முறை எளியது. அரை தேக்கரண்டி எண்ணெய் போதும். ஏடு உள்ள இடத்தில் மட்டும் தடவி, 15 அல்லது 20 நிமிடம் விடுங்கள். பிறகு மெல்லிய குழந்தை பிரஷ்ஷாலோ, நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியாலோ வட்டமாக மெதுவாகத் தேயுங்கள். தளர்ந்தது தானாக வரும்; வராததை அடுத்த முறைக்கு விடுங்கள். அப்புறம் இளஞ்சூட்டுத் தண்ணீரும் குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பூவும். விரலால் தொட்டால் பிசுக்கு இல்லாத வரை அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிச் செய்தால் சில வாரங்களில் தெளிவு தெரியும். உதிரும் செதிலோடு நாலு முடியும் சேர்ந்து வரும். பயம் வேண்டாம், முளைத்துவிடும்.

ஏடு உச்சியில்தான் தடிப்பாக இருக்கும். சுரப்பு அங்கே அதிகம் என்பது ஒன்று. நம் பயம் இன்னொன்று. உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்தவர்கள் அங்கே விரல் வைக்கவே நடுங்குவார்கள். எண்ணெய் ஊற்றத் துணிவு வரும், தேய்க்க வராது. உண்மையில் அந்தக் குழிக்குக் கீழே உறுதியான சவ்வு ஒன்று மூளையைக் காக்கிறது. அழுத்தாமல் விரல் நுனியால் தடவி அலசுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. ஒன்றரை வயதை ஒட்டி எலும்பு தானே சேர்ந்துகொள்ளும். எண்ணெய் ஊற்றி மூடவைக்க வேண்டியதில்லை.

எந்த எண்ணெய் என்று கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் லேசானது, சுலபமாக அலசிப்போகும். விளக்கெண்ணெய் கெட்டி, அதை முழுக்க எடுப்பதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்துவிடும். கடையில் குழந்தை மசாஜுக்கு என்றே விற்கும் ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு ஓலிக் அமிலம், அதாவது மேலே சொன்ன அதே எரிச்சல்காரன். வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் படரும் பொடுதலையைக் காய்ச்சிய தைலம் பொடுகுக்குச் சித்த வைத்தியத்தில் பேர்பெற்றது. ஆனால் கைக்குழந்தைக்கு வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். சீயக்காய் எண்ணெயை அருமையாக எடுக்கும், அதில் உள்ள சப்போனின் சோப்பின் வேலையைச் செய்யும். கண்ணில் பட்டால் தீயாக எரியும் என்பதால் பிள்ளை வளரும் வரை அது பெரியவர்களுக்கே இருக்கட்டும். பயத்தமாவு மென்மையானது, ஆனால் நன்றாக அலசாவிட்டால் அதுவே இன்னொரு ஏடாகக் காயும்.

நகத்தால் பெயர்த்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள், அடியில் இருப்பது பச்சைத்தோல், கீறல் வழியாகச் சீழ்க்கிருமி நுழையும். அப்பாவின் பொடுகு ஷாம்பூ வேண்டாம். சிலவற்றில் உள்ள சாலிசிலிக் அமிலம் குழந்தையின் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கும். தலை காயச் சாம்பிராணி போடுவது பழைய வழக்கம். புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. மருந்துக்கடையில் ‘எல்லாத்துக்கும் கேக்கும்’ என்று எடுத்துத் தரும் களிம்பில் கடுமையான ஸ்டீராய்டு இருக்கலாம். இந்த வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசே பட்டியலில் சேர்த்தது.

செதில் முகம், கழுத்து மடிப்பு, அரைக்கு இறங்கினாலோ, நீர் வடிந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, பிள்ளை தலையைத் தேய்த்துத் தேய்த்து அழுதாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவும் குழந்தைகள் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மருத்துவப் புத்தகங்கள் ‘சிவந்த தோல்’ என்று எழுதுவது நம் மாநிறத்தில் சிவப்பாகத் தெரியாது. கருத்தோ, சுற்றிலும் வெளுத்தோ காணும். அந்த வெளுப்பு வெண்குஷ்டம் இல்லை. சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும்.

ஒரு வயதுக்குப் பிறகு கதை மாறுகிறது. சுரப்பி உறங்கிவிட்ட தலையில் புதிதாகச் செதில் வந்தால், அதைப் பொடுகு என்று சொல்லி எண்ணெய் வைக்கக் கூடாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வட்டமாகச் செதில், அங்கே முடி ஒடிந்து கரும்புள்ளியாக நிற்கிறது, பின்கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால், தலைப்படையாக இருக்கலாம். அது சீப்பிலும் தொப்பியிலும் பரவும் வேறொரு பூஞ்சை. முடியின் வேருக்குள்ளேயே குடியிருப்பதால் மேலே தடவுவது எட்டாது. வாய்வழி மருந்து பல வாரம் வேண்டும். வெள்ளையாகத் தெரிவது ஈரா செதிலா என்று பார்க்க ஒரு வழி: விரலால் தள்ளிப் பாருங்கள். செதில் வழுக்கி வரும். ஈர் முடியை விட்டு நகராது.

கடைசியாக மொட்டைக்கு வருவோம். நேர்ந்துகொண்டபடி சமயபுரத்தில் முதல் முடி இறக்கும்போது பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி இருக்கும். மழித்துச் சந்தனம் பூசிய தலை பளபளவென்று இருக்கும். “மொட்டை போட்டதும் பொருக்கு போயே போச்சு” என்பார்கள். மழித்தது முடியை மட்டும். மயிர்க்காலும் சுரப்பியும் கத்தி எட்டாத ஆழத்தில் இருக்கின்றன. பொருக்கு போகும் காலமும் மொட்டையின் காலமும் ஒன்றாக வந்ததுதான் விஷயம். மாரியம்மனுக்குத் தரும் முடி நன்றிக்காக. அதில் வைத்தியக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. பிளேடு புதிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தடித்த ஏடு இன்னும் இருந்தால், அது தெளிந்த பிறகு மொட்டையை வைத்துக்கொள்வது நல்லது. மேடு பள்ளமான தோலில் கத்தி கீறும்.

உறங்கப்போன சுரப்பி அதற்குப் பிறகு பல வருஷம் அசையாது. அந்த ஈஸ்ட்டும் கிடைத்ததைத் தின்று அடங்கிக் கிடக்கும். ஒரு நாள் சுரப்பி மறுபடி விழிக்கும். அப்போது பிள்ளை ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்துக்கொண்டிருக்கும். சட்டைத் தோளில் உதிர்ந்த வெள்ளைத் தூளைத் தட்டியபடி, கண்ணாடி முன்னால் அரை மணி நேரமாக நின்று முதல் பருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். இம்முறை அலசும் வேலை பிள்ளையுடையது.